குடும்ப டாக்டருக்குப் படியளப்பவர் யார்?

"டீச்சர், டாக்டருக்குப் படிக்க எத்தனை வெள்ளி ஆகும்?"

பள்ளிக்கு வரும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பால்மரம் சீவுகிறவரும் கேட்கிறார். செம்பனைக் குலை அறுக்கிறவரும் கேட்கிறார். தோட்டத்தை விட்டுப் போய்ப் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தாயும் கேட்கிறார். பிள்ளை டாக்டராக வேண்டும் என்ற ஆசை நம் பாட்டாளி மக்களுக்கு இன்று நேற்று வந்ததல்ல.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. மருத்துவப் பட்டம் வாங்க ஆகும் செலவை மட்டுமே அது கேட்கிறது. பட்டம் வாங்கிய ஒருவர், நம் வீட்டுப் பாட்டியின் ரத்தக் கொதிப்பையும், மருமகளின் பிள்ளைப்பேற்றையும், பேரனின் இழுப்பையும் ஒருங்கே கவனிக்கத் தெரிந்த குடும்ப டாக்டராக ஆவதற்கு இன்னும் சில ஆண்டுகள் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக் காலத்தில் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? கற்றுக் கொடுப்பவருக்குக் காசு கொடுப்பவர் யார்? இதுதான் மீதிப் பாதி. அதை யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு டாக்டர் எந்த ஊரில் தங்குகிறார், எந்த ஊரைத் திரும்பிப் பாராமல் போகிறார் என்பது அவருடைய நல்ல மனத்தை மட்டும் பொறுத்ததன்று. பயிற்சிக் காலத்தில் அவருக்குப் படியளந்த கை எது என்பதையும் பொறுத்தது. பல நாடுகளில் இதுவே நடந்திருக்கிறது. நம் தோட்டத்திலும் நடந்திருக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தோட்டத்து டிரஸரை நினைவிருக்கும். காலைப் பெரட்டு முடிந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வரிசை பிடித்து நிற்பார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கத்தி பட்ட காயம், பிரசவ வலி எதுவானாலும் முதலில் ஓடுவது அவரிடம்தான். பெரிய டாக்டர் குறிப்பிட்ட நாளில் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரஸர்தான் டாக்டர். எந்த லயத்தில் யாருக்கு என்ன சீக்கு, யார் வீட்டில் குடி, எந்தப் பிள்ளை சோறின்றி மெலிகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டு ஒரு சட்டமும் வந்தது.

அந்த டிரஸருக்குச் சம்பளமும் வீடும் கொடுத்தது தோட்ட நிர்வாகம். ஆள் நலமாக இருந்தால்தான் வேலை நடக்கும். வேலை நடந்தால்தான் பால் வரும். அந்தக் கணக்கில் படியளந்தார்கள். பிறகு தோட்டங்கள் துண்டு போடப்பட்டன. சில இடங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆள் குறைந்தது. கணக்கு மாறியதும் பல தோட்டங்களில் ஆஸ்பத்திரிக் கதவை மூடினார்கள். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் அப்படித்தான். எங்கள் டிரஸர் ஐயா எங்களை வெறுத்துப் போகவில்லை. படியளந்த கை நின்றது. அவரும் போக வேண்டியதாயிற்று.

இன்று நம்மை வாட்டும் நோய்கள் வேறு. மலேரியாவுக்குப் பயந்த காலம் போய்விட்டது. இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் வந்திருக்கின்றன. இவை ஒரு வாரத்தில் வந்து போகிற காய்ச்சல் அல்ல. ஆயுள் முழுக்கக் கூடவே வருபவை. இவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு டாக்டரைப் பார்ப்பது, ஆண்டுக்கு நான்கு முறை வகுப்பாசிரியரை மாற்றுவது போல. பிள்ளையை அறிந்த ஆசிரியர் வேண்டும். அதுபோல, குடும்பத்தை அறிந்த டாக்டர் வேண்டும். 1978ஆம் ஆண்டு சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கூட்டிய மாநாடு, மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்கும் முதல்நிலை மருத்துவம்தான் சுகாதாரத்தின் அடித்தளம் என்று அறிவித்தது. முதல்நிலை டாக்டர்கள் போதுமான அளவில் இருக்கும் இடங்களில் மக்களின் உடல்நலம் மேம்பட்டும் இறப்பு விகிதம் குறைந்தும் காணப்படுவதை அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு பல ஆண்டு ஆராய்ச்சியில் எடுத்துக் காட்டினார்.

ஆக, குடும்ப டாக்டர் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செலவு யாருடையது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

முதலில் நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். மருத்துவப் பட்டப் படிப்பு ஐந்து ஆண்டுகள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. தனியார் கல்லூரி என்றால் சில லட்சம் வெள்ளி வேண்டும். பட்டம் வாங்கிய பின் அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக வேலை. இது 2008 முதல் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. சம்பளம் அரசாங்கத்துடையது. அதற்குப் பின் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி கட்டாயப் பொதுச் சேவை. இவற்றை முடித்த டாக்டர் சொந்தக் கிளினிக் திறக்கலாம். குடும்ப மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்தத் தனிப் பயிற்சியை விரும்புகிறவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு முதுகலைப் படிப்பு. சுகாதார அமைச்சு தேர்ந்தெடுத்து அனுப்பும் டாக்டர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் படிப்புச் செலவும் கிடைக்கும். படித்து முடித்ததும் ஒப்பந்தப்படி அரசாங்கத்திடமே வேலை பார்க்க வேண்டும். பெரிய சுகாதாரக் கிளினிக்குகளில் இருக்கும் குடும்ப மருத்துவ நிபுணர்கள் பலர் இப்படி உருவானவர்கள்தாம். நாம் ஒரு வெள்ளி கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கிறோம். அந்த ஒரு வெள்ளிக்குப் பின்னால் பொதுப் பணம் எவ்வளவோ நிற்கிறது.

இரண்டாவது வழி, மலேசியக் குடும்ப மருத்துவர் கழகத்தின் வழி. 1973ஆம் ஆண்டு பொது மருத்துவர் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு இது. கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே பாடம் படித்துப் படிப்படியாகத் தேர்வு எழுதலாம். வேலையை விட வேண்டியதில்லை; அது பெரிய வசதி. ஆனால் தனியார் கிளினிக்கில் இருப்பவர் என்றால் கட்டணம் பெரும்பாலும் சொந்தப் பையிலிருந்துதான். படிக்கும் நேரமும் சொந்தத் தூக்கத்திலிருந்துதான்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் இருந்தபோது அரசாங்கம் எனக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. கட்டணம் என்று என் தகப்பனார் ஒரு காசு கட்டவில்லை. பயிற்சி முடிந்ததும், இந்தத் தோட்டப் பள்ளிக்குப் போ என்று கடிதம் வந்தது. நான் கேட்ட ஊர் வேறு. கொடுத்த ஊர் இது. காசு கொடுத்தவர் கைகாட்டிய இடத்துக்கு வந்தேன். வந்த பிறகு பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டேன், இங்கேயே இருந்துவிட்டேன். பயிற்சிக்கு என் தகப்பனார் கடன் வாங்கிக் கட்டியிருந்தால், அந்தக் கடனை அடைக்க எங்கே வருமானம் கூடுதலோ அங்கேதான் போயிருப்பேன். டாக்டர்கள் கதையும் இதேதான். தொகைதான் பெரிது.

இனி வெளிநாடுகளுக்குப் போவோம். நம் நாட்டு மருத்துவ முறைக்கு வித்திட்ட பிரிட்டன் முதலில் நிற்கிறது. அங்கே 1948ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு டாக்டரிடம் பெயர் பதிந்துகொள்ளும். அந்த டாக்டருக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்று 1952ஆம் ஆண்டு தோன்றிய பொது மருத்துவர் கல்லூரி வாதாடியது. 1976ஆம் ஆண்டு அதற்குச் சட்டம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் பயிற்சி கட்டாயமாயிற்று. இன்று அது மூன்று ஆண்டுகள். கொஞ்ச காலம் ஆஸ்பத்திரியில், மீதிக் காலம் ஊர்க் கிளினிக்கில். இரண்டு இடத்திலும் பயிற்சி டாக்டருக்குச் சம்பளம் பொதுப் பணத்திலிருந்து வருகிறது. அவரைத் தம் கிளினிக்கில் வைத்துக் கற்றுக் கொடுக்கும் மூத்த டாக்டருக்கும் அதற்கென்று ஒரு தொகை உண்டு. இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. கற்றுக் கொடுப்பவரின் நேரத்துக்கும் விலை உண்டு என்று ஒப்புக்கொண்டதால்தான் சின்னஞ்சிறு ஊர்க் கிளினிக்கும் பயிற்சிக்கூடமாக முடிந்தது.

அப்படியும் சில ஊர்களுக்கு ஆள் வரவில்லை. 2016ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் ஆள் கிடைக்காத பகுதிகளில் பயிற்சி பெற வந்தவர்களுக்கு ஒருமுறைத் தொகையாக 20,000 பவுன் கொடுத்துப் பார்த்தார்கள். காசு எங்கே வைக்கப்படுகிறதோ அங்கே டாக்டர் திரும்பிப் பார்ப்பார் என்பதை அந்த அரசாங்கமும் அறிந்தே இருந்தது.

பிரிட்டனில் பணம் ஊர்க் கிளினிக்கைத் தேடிப் போகிறது. அமெரிக்காவில் வேறு விதம். அங்கே 1965ஆம் ஆண்டு முதியோருக்காக 'மெடிகேர்' என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி வந்தது. டாக்டர்களின் பயிற்சிக்கும் பெரும்பங்கு பணம் அந்த மெடிகேரிலிருந்தே வருகிறது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளின் கையில் போய்ச் சேருகிறது. எத்தனை பேரைப் பயிற்றுகிறது, எத்தனை மெடிகேர் நோயாளிகளைப் பார்க்கிறது என்று கணக்கிட்டு ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்ன செய்யும்? தன் அறுவைக்கூடத்துக்கும் இதயப் பிரிவுக்கும் யார் தேவையோ அவரைப் பயிற்றும். குடும்ப டாக்டரின் வேலையோ ஆஸ்பத்திரிக்கு வெளியே, தெருமுனைக் கிளினிக்கில்.

குடும்ப மருத்துவம் அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டிலேயே தனித் துறையாக ஏற்கப்பட்டது. மூன்று ஆண்டுப் பயிற்சியும் ஏற்பட்டது. ஆனால் 1997ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம், மெடிகேர் காசு கொடுக்கும் பயிற்சி இடங்களை 1996ஆம் ஆண்டு இருந்த எண்ணிக்கையோடு பூட்டிவிட்டது. எந்த ஊரில் அன்று ஆஸ்பத்திரி நிறைய இருந்ததோ அந்த ஊருக்கே தொடர்ந்து பணம். மக்கள் பெருகிய புது ஊர்களுக்கு வாய்ப்பு குறைவு. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2020ஆம் ஆண்டு இறுதியில் இயற்றிய சட்டத்தில்தான் 1,000 புது இடங்களைச் சேர்த்தார்கள்.

இதோடு கடனும் இருக்கிறது. அமெரிக்காவில் கடன் வாங்கிப் படித்துப் பட்டம் பெறும் டாக்டர்களின் தலையில் சுமார் 200,000 டாலர் கடன் இருப்பது சாதாரணம். குடும்ப டாக்டரின் வருமானம் அறுவை நிபுணரின் வருமானத்தைவிடக் குறைவு. அந்தக் கடனைச் சுமப்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கோணலை நிமிர்த்தவும் அங்கே முயன்றிருக்கிறார்கள். டாக்டர் இல்லாத பகுதிக்குப் போக ஒப்புக்கொள்பவரின் கட்டணத்தையோ கடனையோ அரசாங்கமே ஏற்கும் திட்டம் 1970களிலிருந்து இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்புறுதிச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. பயிற்சிப் பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்காமல், ஏழை மக்கள் வாழும் பகுதியிலுள்ள சமூகக் கிளினிக்குகளுக்கு நேராகக் கொடுத்தார்கள். பணம் வாசல் மாறியதும் பயிற்சியும் வாசல் மாறியது. குறை என்னவென்றால், அந்தப் பணத்தை நாடாளுமன்றம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே வர வேண்டும். அடுத்த ஆண்டு உண்டா இல்லையா என்ற கவலையோடு எந்தக் கிளினிக்கும் துணிந்து ஆள் எடுக்க முடிவதில்லை.

நம் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் ஆஸ்திரேலியாவையும் பார்ப்போம். அங்கே குடும்ப டாக்டர் பயிற்சித் திட்டத்துக்கு மத்திய அரசாங்கம் பணம் கொடுக்கிறது. பயிற்சியில் ஏறத்தாழ பாதியாவது பெருநகரங்களுக்கு வெளியே நடக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் கொள்கை. 2023ஆம் ஆண்டிலிருந்து டாக்டர்களின் இரண்டு கல்லூரிகளே அதை நடத்துகின்றன. அவற்றில் ஒன்று கிராமப்புற மருத்துவத்துக்கென்றே ஏற்பட்ட கல்லூரி. ஆனால் பயிற்சி டாக்டர் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளினிக்குக்கு வந்ததும் அவர் சம்பளம் அந்தக் கிளினிக்கின் வருமானத்திலிருந்து வருகிறது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது கிடைத்த சம்பளமும் விடுப்புச் சலுகைகளும் பலருக்குக் குறைந்துவிடும். குடும்ப டாக்டராக வேண்டும் என்று நினைத்தவர்கூட இதனால் தயங்கினார். ஆகவேதான் அந்தத் துறைக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு 30,000 டாலர் ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டத்தை 2025ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது.

இதுவரை சொன்னவை பணம் பெருத்த நாடுகளின் கதைகள். ஆனால் நம் தோட்ட மக்கள் உற்றுப் பார்க்க வேண்டிய கதை ஜப்பானில் இருக்கிறது. அங்கே மலைக் கிராமங்களிலும் சிறு தீவுகளிலும் டாக்டர் இல்லாத குறை இருந்தது. 1972ஆம் ஆண்டு எல்லா மாநில அரசாங்கங்களும் சேர்ந்து ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கின. ஒவ்வொரு மாநிலமும் தன் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்புகிறது. படிப்பு ஆறு ஆண்டுகள். கட்டணம் கடனாகக் கணக்கில் எழுதப்படும். படித்த பிள்ளை தன் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, மாநிலம் சொல்லும் இடங்களில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தால் அந்தக் கடன் முழுவதும் தள்ளுபடி. அரை நூற்றாண்டாக இந்தத் திட்டம் நடக்கிறது. ஊர்ப் பணம், ஊர்ப் பிள்ளை, ஊருக்கே டாக்டர்.

நம் பக்கத்து வீடான தாய்லாந்தும் இதே வழியில் நடந்தது. 1994ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி கிராமப்புறப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, படிப்பின் பிற்பகுதியை அவர்களுடைய பகுதி ஆஸ்பத்திரிகளிலேயே கற்றுக் கொடுத்து, அங்கேயே வேலைக்கு அமர்த்துகிறார்கள். கியூபா 1984ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் ஒரு டாக்டரையும் ஒரு தாதியையும் மக்கள் குடியிருக்கும் பகுதியிலேயே குடிவைத்தது. அங்கே மருத்துவப் படிப்புக்குக் கட்டணமே இல்லை. சிங்கப்பூரில் அரசாங்க உதவியோடு மருத்துவம் படிக்கும் குடிமக்கள் ஐந்து ஆண்டுகள் பொதுச் சேவையில் இருக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அரசாங்கம்தான் இதைச் செய்ய முடியும் என்றில்லை. தமிழ்நாட்டில் வேலூர் ஆஸ்பத்திரியைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் 1900ஆம் ஆண்டு ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் அது. 1918ஆம் ஆண்டு பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்றும் அங்கே திருச்சபை அமைப்புகளின் ஆதரவில் சேரும் மாணவர்கள், படித்து முடித்ததும் அந்த அமைப்புகளின் சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் சில காலம் பணிசெய்யக் கடமைப்பட்டவர்கள். அந்தச் சபைகள் கோடீசுவரர்களின் சங்கங்கள் அல்ல. உண்டியலில் விழும் சில்லறையும் சேர்ந்துதான் ஒரு டாக்டரை ஊருக்குக் கொண்டுவருகிறது.

இத்தனையையும் நான் ஏன் தேடித் தெரிந்துகொண்டேன் என்றால், என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியால்தான். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய தாயின் மகள். இன்று டாக்டர். பயிற்சிக் காலமும் கட்டாயச் சேவையும் முடித்து, எங்கள் பகுதிச் சிறுபட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். தோட்டத்துக் கிழவிகள் அவளைத் தேடிப் போகிறார்கள். காலில் ஆறாத புண்ணோடு போனவரிடம், "பாட்டி, நேற்று என்ன சாப்பிட்டீங்க?" என்று தமிழில் கேட்டு, சோற்றுக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறாள். கண்ணையும் சிறுநீரையும் சோதிக்க மறக்காமல் அனுப்புகிறாள்.

போன விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள்: "டீச்சர், குடும்ப மருத்துவம் முறையா படிக்கணும்னு ஆசை. அரசாங்கத்துக்குத் திரும்பிப் போய் இடத்துக்கு விண்ணப்பிச்சா, கிடைச்சாலும் பிறகு எந்த ஊர்ல போடுவாங்களோ தெரியாது. இங்கேயே இருந்து கழகத்தோட வழியில படிக்கலாம். ஆனா கட்டணம், தேர்வுச் செலவு, தம்பி படிப்பு, நான் வாங்கின படிப்புக் கடன் எல்லாம் ஒரே நேரத்துல வருது. சிங்கப்பூர்ல கூப்பிடறாங்க."

நான் அவளைக் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இளம் டாக்டர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் பலர் ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளியே வந்து மறியல் செய்ததை நாடே பார்த்தது. நிரந்தர வேலை இல்லை, சிறப்புப் பயிற்சிக்கு நிரந்தர டாக்டர்களுக்கு உள்ள உதவி இல்லை என்பது அவர்களுடைய மனக்குறை. அதையொட்டி ஒப்பந்த டாக்டர்களுக்கும் பயிற்சி உதவிக்கு அரசாங்கம் வழிவிட்டது. நல்லதுதான். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் மனம் மாறிக் கடல் கடந்துவிட்டார்கள். ஒரு டாக்டரை உருவாக்க நாடு கொட்டிய பணத்தின் பலனை, இறுதிக் கட்டத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்த இன்னொரு நாடு எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பிள்ளை போய்விட்டால் எங்கள் தோட்டத்துக் கிழவிகள் பட்டணத்துக்குப் பஸ் ஏறத்தான் வேண்டும். புண் ஆறாத கால் எத்தனை பஸ் ஏறும்?

ஆகவே நம் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இது. பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்புமுன் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். கடனா, உபகாரச் சம்பளமா என்று கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகள், மீறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கல்லூரி என்றால் மலேசிய மருத்துவ மன்றம் அதை ஏற்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள். பட்டத்துக்குப் பின் வரும் பயிற்சி ஆண்டுகளையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பட்டத்தோடு பை காலியாகிவிட்டால், பிள்ளை குடும்ப டாக்டராக விரும்பினாலும் கடன் அவளை வேறு பக்கம் இழுக்கும்.

நம் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளையை மருத்துவப் பட்டம் வரை படிக்க வைக்க நம் சிறு அமைப்புகளால் ஆகாது. அது லட்சக் கணக்கு. ஆனால் ஏற்கெனவே பட்டம் பெற்று, நம் பகுதியிலேயே இருக்க விரும்பும் ஒரு டாக்டரின் குடும்ப மருத்துவப் பயிற்சிச் செலவை ஏற்பது அத்தனை பெரிய சுமை அன்று. பத்துச் சங்கங்கள் சேர்ந்தால் தாங்கும். ஜப்பான்காரர்கள் செய்ததுபோல் அதைக் கடனாக எழுதுங்கள். இந்தப் பகுதியில் இத்தனை ஆண்டுகள் கிளினிக்கில் இருந்தால் தள்ளுபடி என்று எழுதுங்கள். ஒப்பந்தம் நியாயமானதாக இருக்கட்டும். பிள்ளையைக் கட்டிப்போடும் கயிறாக வேண்டாம்.

இது நடக்காத காரியம் என்று சிலர் சொல்லலாம். 1960ஆம் ஆண்டு துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் அப்படிச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. நம் தாத்தா பாட்டிகள் தங்கள் கூலியிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு ஒரு டாக்டரின் பயிற்சிக் கட்டணம் பெரிதா?

எங்கள் பகுதியில் பெற்றோர் சங்கத்தையும் இரண்டு கோயில் நிர்வாகங்களையும் ஓரிடத்தில் உட்கார வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கைக்கு வந்தது வாக்குறுதிகள்தாம். பணம் இனிமேல்தான் வர வேண்டும். அந்தப் பிள்ளை சிங்கப்பூருக்குப் பதில் எழுத இந்த ஆண்டு இறுதிவரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு டாக்டர் பிள்ளை இருக்கக்கூடும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் திருவிழாச் செலவைப் படித்து முடித்ததும், ஒருவர் எழுந்து அவர் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.